உவர்மலை ஏற ஒரு மின்சார சைக்கிள்: திருகோணமலைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

கடற்கரை ஊர்தானே, எல்லாம் சமதரையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திருகோணமலைக்கு மாற்றலாகி வருபவர்கள் நிறையப் பேர். மாகாணசபை அலுவலகங்களில் ஒன்றிலோ விவேகானந்தா கல்லூரியிலோ வேலை என்றால் முதல் நாளே உவர்மலை ஏற்றம் அந்த நினைப்பைத் திருத்திவிடும். எட்டு மணிக்கு வியர்வையில் நனைந்த சட்டையோடு கையெழுத்துப் போடுவது யாருக்கும் பிடிப்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்துக் கட்டாது, முச்சக்கர வண்டிக்குத் தினமும் கொடுத்துக் கட்டாது என்ற நிலையில் மின்சார சைக்கிள் நல்ல தெரிவு. ஆனால் கடையில் சொல்வதை அப்படியே கேட்டு வாங்கினால் இந்த ஊருக்குப் பொருந்தாத ஒன்று வீட்டுக்கு வந்து சேரும்.

இங்குள்ள ஏற்றங்கள் நீளமானவை அல்ல. ஹட்டன், பதுளைப் பக்கம் போல மணிக்கணக்கில் ஏற வேண்டியதில்லை. குட்டையாக, திடீரென்று எழும்பும் ஏற்றங்கள். அதனால் 'ஒரு சார்ஜில் 80 கிலோமீற்றர்' என்ற விளம்பரத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மெதுவாகப் போகும்போதும் இழுக்கக்கூடிய மோட்டர், தாழ்வான கியர், நம்பக்கூடிய பிரேக், இந்த மூன்றுக்கும் கொடுங்கள். மிச்சம் பிடிக்கும் காசை உப்புக்காற்றுக்கு எதிராகச் செலவழிக்க வேண்டிவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குப் போக முன் வழியை அளந்து பாருங்கள்

வீட்டிலிருந்து வேலைத்தலம் வரைக்கும் ஒருமுறை நடந்தோ சாதாரண சைக்கிளிலோ போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ அதுதான் உங்கள் சைக்கிளைத் தீர்மானிக்கும் இடம். மிச்சத் தூரம் எவ்வளவு என்றாலும் பரவாயில்லை.

சரிவை அளக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு மீற்றர் நீளமான நேர்ப் பலகையும் மேசன்மார் வைத்திருக்கும் குமிழி மட்டமும் போதும். பலகையின் ஒரு நுனியை வீதியில் ஊன்றி, மறு நுனியை மட்டம் சரியாகும் வரை உயர்த்துங்கள். உயர்ந்த நுனிக்கும் தார் வீதிக்கும் நடுவே 8 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் சரிவு 8 வீதம். 5 வீதத்துக்குக் கீழே என்றால் எந்த மின்சார சைக்கிளும் ஏறும். 8 வீதத்தைத் தாண்டினால் யோசித்துத் தெரிவுசெய்ய வேண்டும். 12 வீதம் என்றால் மலிவான மோட்டர்கள் முனக ஆரம்பிக்கும். வீதியில் பலகை பிடிப்பதை நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 25 கிலோ, சாப்பாட்டுப் பெட்டியும் மழைக்கோட்டும் சேர்த்து 5 கிலோ, மொத்தம் 100 கிலோ. 8 வீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீற்றரில் போனால் அந்தப் பாரத்தை மேலே தூக்க மட்டும் ஏறத்தாழ 220 வாட் வேண்டும். அதே ஏற்றத்தில் 20 கிலோமீற்றரில் போக ஆசைப்பட்டால் 440 வாட். 250 வாட் மோட்டர் 10 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் கால்பலத்தின் உதவியோடு சிரமமில்லாமல் ஏற்றும். 20 கிலோமீற்றரில் திணறும், சூடாகும். ஏற்றத்தில் தோற்கும் சைக்கிள்கள் பெரும்பாலும் வேகத்தால்தான் தோற்கின்றன.

பற்றரிக் கணக்கு இன்னும் ஆச்சரியம். 100 கிலோவை 50 மீற்றர் உயரம் ஏற்ற, மோட்டரில் வீணாவதையும் சேர்த்து 20 வாட்-மணி அளவுதான் செலவாகும். சாதாரணமாகக் கிடைக்கும் 36 வோல்ற், 13 ஆம்ப்-மணி பற்றரியில் 468 வாட்-மணி இருக்கிறது. தினமும் ஒரு தடவை அந்த உயரம் ஏறினாலும் பற்றரியில் 5 வீதம்கூடப் போகாது.

பற்றரியைத் தின்பது காற்றுத்தான். அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று வடக்கே போகும் வீதி தட்டையானது. ஆனால் வாடை வீசும் மாதங்களில் எதிர்க்காற்று மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வையுங்கள், நீங்கள் 25 கிலோமீற்றரில் போகிறீர்கள். காற்றைத் தள்ள மட்டும் அமைதியான நாளில் தேவைப்படுவதுபோல இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். நிலாவெளிப் பக்கத்திலிருந்து தினமும் நகரத்துக்கு வந்து போகிறவர் உவர்மலைவாசியை விடப் பெரிய பற்றரி வாங்க வேண்டும். சீனக்குடா தாண்டிக் கிண்ணியாவுக்குப் போகிறவருக்கும் அதேதான். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் ஏறத்தாழ 400 மீற்றர் நீளம், நீருக்கு மேலே பக்கக்காற்று தள்ளும். அங்கே ஹாண்டிலை இரு கையாலும் பிடியுங்கள்.

எதை வாங்குவது

மோட்டர் இரண்டு இடத்தில் வரும். சில்லின் நடுவே இருப்பது ஹப் மோட்டர். பெடல் அச்சில் இருப்பது நடு மோட்டர். ஹப் மோட்டருக்குக் கியர் தெரியாது, சில்லு சுற்றும் வேகத்திலேதான் அதுவும் சுற்ற வேண்டும். செங்குத்தில் சில்லு மெதுவாகச் சுற்றினால் மின்சாரம் இழுவையாக மாறாமல் சூடாக மாறும். நடு மோட்டர் செயின் வழியாக இழுப்பதால் நீங்கள் கியரைக் குறைத்தால் அதற்கும் சுமை குறையும். ஏற்றத்துக்கு அதுதான் சிறந்தது. ஆனால் விலை கூட, செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும், பழுதானால் உதிரிப்பாகம் தேட வேண்டும். உவர்மலை போலக் குறுகிய ஏற்றம் ஒன்றிரண்டு மட்டும் என்றால் உள்ளே பல்சக்கரம் வைத்த, பின் சில்லில் வரும் ஹப் மோட்டரே காணும் என்பது என் கருத்து. முன் சில்லில் மோட்டர் உள்ளதை வாங்க வேண்டாம். ஏறும்போது பாரம் பின்னுக்குப் போய்விடும், மணல் கிடக்கும் இடத்தில் முன் சில்லு சும்மா சுற்றும்.

வாட் எண்ணை மட்டும் பார்க்காமல் முறுக்குவிசையையும், அதாவது சில்லைச் சுழற்றும் பலத்தையும் கேளுங்கள். ஹப் மோட்டரில் 40 நியூட்டன்-மீற்றர் இருந்தால் நம் ஏற்றங்களுக்குக் காணும். நடு மோட்டர்களில் 60 முதல் 85 வரை வரும். பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பார்த்து உதவும் சென்சர் இருந்தால் ஏற்றத்தில் கால் வைத்த கணமே இழுவை வரும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான சென்சர் அரைச் சுற்று, ஒரு சுற்று கழித்துத்தான் விழிக்கும். சரிவில் நின்று புறப்படும்போது அந்த அரைச் சுற்று நீண்ட நேரமாகத் தெரியும்.

கியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியது அதைத்தான். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். முன்னால் 42, பின்னால் 28 என்றால் 26 அங்குலச் சில்லில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு 11 கிலோமீற்றர். பின்னால் 34 பல் போட்டால் அதே மிதிக்கு 9 கிலோமீற்றர். கேட்க அற்பமான வித்தியாசம். ஏற்றத்தின் நடுவே முழங்கால் அதை அற்பமாக எண்ணாது. 34 பல் உள்ளதை மாற்றிப் போடுவது மோட்டர் மாற்றுவதோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. பின் சில்லருகே செயினை நகர்த்தும் கை (டீரெயிலர்) அந்தப் பல்லுக்கு எட்டுமா என்று மட்டும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பற்றரி லிதியமாக இருக்கட்டும். ஈய அமில பற்றரி போட்டவை விலை குறைவு என்பதால் நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். 48 வோல்றுக்கு 12 வோல்ற் கட்டிகள் நாலு, பற்றரி மட்டுமே பதினைந்து கிலோவுக்கு மேல் வரும். ஏற்றத்தில் பலமாக மின்சாரம் இழுக்கும்போது அவற்றின் கொள்ளளவு இன்னும் சுருங்கும். தட்டையான வீதியில் நன்றாக ஓடிய சைக்கிள் ஏற்றத்தின் அடியில் வந்ததும் விளக்கு மங்கி நிற்பது அதனால்தான்.

பிரேக் இரண்டு சில்லுக்கும் டிஸ்க்காக இருப்பது நல்லது. ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் மாரி மழையில் நனைந்தால் முதல் சுற்றில் பிடிக்காது. 25 கிலோச் சைக்கிள் இறக்கத்தில் வரும்போது அந்த ஒரு சுற்று பெரிய தூரம்.

வாங்கும் முன் ஏற்றிப் பாருங்கள். கடை வாசலில் ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது.

"இந்த ஒழுங்கைக்குள்ள ஒரு சுத்துச் சுத்திப் பாருங்கோ தம்பி, காணும்."

"இல்லையண்ணை, உவர்மலை ஏறி இறங்கிட்டு வாறன். அடையாள அட்டையை வைச்சிருங்கோ."

இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். ஏறி முடித்ததும் மோட்டரின் மேல்மூடியில் கை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அந்த மோட்டர் உங்கள் வழிக்குச் சின்னது.

பத்திர விசயம் சுருக்கமாக. மிதிக்கத் தேவையே இல்லாமல் ஸ்கூட்டர்போல ஓடும் மின்சார வண்டி என்றால் அது மோட்டார் சைக்கிள். பதிவு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றும் வேண்டும். 'இதுக்கு ஒண்டும் தேவையில்லை' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், எந்த வகை, எத்தனை வாட் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஏறுவது எப்படி

ஏற்றத்தின் அடிக்கு வருமுன்பே கியரைக் குறையுங்கள். ஏறத் தொடங்கி அழுத்தம் கூடிய பிறகு மாற்றினால் செயின் கடகடத்துக் கழரும். நடு மோட்டரில் இன்னும் மோசம், மாற்றும் கணத்தில் பெடல் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்த வேண்டும். மோட்டர் தரும் உதவியின் அளவை நடுவில் வைத்துத் தொடங்கி, மூச்சு வாங்கும் இடத்தில் கூட்டுங்கள். அடியிலேயே முழு உதவியையும் கொடுத்தால் பாதி ஏற்றத்தில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

கால்கள் நிமிடத்துக்கு 60, 70 சுற்று என்று இலேசாகச் சுற்றட்டும். வேகமானியைப் பார்க்காதீர்கள். உங்களை ஒரு பாடசாலைப் பிள்ளை முந்திப் போனால் போகட்டும்.

ஏற்றத்தின் நடுவே மாடு மறித்தோ பஸ் நின்றோ நிறுத்த வேண்டி வந்தால் திரும்பப் புறப்படுவதுதான் சிக்கல். பின் பிரேக்கைப் பிடித்தபடி ஒரு பெடலை மேலே, சற்று முன்னால் கொண்டுவாருங்கள். அதில் பாரத்தைக் கொடுத்துக்கொண்டே பிரேக்கை விடுங்கள். கைத்திருகி (மிதிக்காமலே மோட்டரை இழுக்க வைக்கும் கைப்பிடி) உள்ள சைக்கிள் என்றாலும் நின்ற நிலையில் திருகி இழுக்க வைக்க வேண்டாம். ஹப் மோட்டர் மிகச் சூடாவது அந்தச் சில செக்கன்களில்தான். இரண்டு மிதி காலால் மிதித்து உருளத் தொடங்கிய பிறகு திருகுங்கள். கியரைக் குறைக்க மறந்து நின்றுவிட்டால், இறங்கிப் பத்து அடி குறுக்கே தள்ளி ஏறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் சுற்றிப் போகும் வழியைத் தெரிவுசெய்யுங்கள். கூடுதல் அரைக் கிலோமீற்றர் மோட்டருக்கு ஒன்றுமே இல்லை.

இறங்கும்போது

இதற்குத்தான் பயப்பட வேண்டும். பெரும்பாலான மின்சார சைக்கிள்கள் இறக்கத்தில் பற்றரிக்கு மின்சாரம் திருப்பிச் சேர்ப்பதில்லை, எனவே வேகம் முழுவதையும் பிரேக் கட்டைதான் தின்ன வேண்டும். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல், இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சில செக்கன் நன்றாகப் பிடித்து விடுங்கள், பிறகு திரும்பப் பிடியுங்கள். நடுவே டிஸ்க் ஆறும். வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கை இறுக்கினால் மணலில் வழுக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை பிரேக் கட்டையின் தடிப்பைப் பாருங்கள். ஏற்றமுள்ள வழியில் போகிறவருக்கு அது சமதரைக்காரரை விட எவ்வளவோ சீக்கிரம் தேயும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கவனியுங்கள். ஒடுங்கிய வாசல், பூசைக்கு நடந்து போகும் கூட்டம், முச்சக்கர வண்டி எல்லாம் அதற்குள்தான். உள்ளே ஏற்றம், வழியெல்லாம் மான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு விலகிப் பழகிய மான்கள் சத்தமில்லாத சைக்கிளுக்கு விலகாது. கச்சான் விற்கிற இடத்தில் யாரோ எதையோ நீட்ட, ஐந்தாறு ஒன்றாக வீதியைக் கடக்கும். மணி அடித்துக்கொண்டு, கால் ஊன்றக்கூடிய வேகத்தில் இறங்குங்கள். மாலையில் நகர வீதிகளிலும் மான் படுத்திருக்கும், மாடும் படுத்திருக்கும். முன் விளக்கு பிரகாசமாக இருப்பது அதற்காக. கன்னியாப் பக்கமும் கந்தளாய் வீதியிலும் காட்டோரம் என்றால் இருட்டிய பிறகு சைக்கிளை எடுக்காதீர்கள், யானைக்கு எந்த விளக்கும் பதில் அல்ல.

சார்ஜ் போடுவது

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்றில் ஊரே அடுப்பாகக் கிடக்கும். மத்தியான வெயிலில் தகரக் கொட்டகையின் கீழே நிறுத்திய சைக்கிளில் பற்றரி தொட முடியாமல் இருக்கும். லிதியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேலே சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் செருகாமல், குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து செருகுங்கள். கழற்றக்கூடிய பற்றரி என்றால் அலுவலகத்துக்குள் மேசைக்கடியில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கழற்றும் வகையை வாங்கச் சொல்வேன்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன 468 வாட்-மணிப் பற்றரியை அடியிலிருந்து நிரப்பினாலும் மின்கட்டணத்தில் ஏறுவது அரை அலகுக்குச் சற்றுக் கூட. 2 ஆம்ப் சார்ஜரில் ஆறரை, ஏழு மணி நேரம் பிடிக்கும். அலுவலகத்தில் போடுவதானால் கேட்டுவிட்டுப் போடுங்கள். அரை அலகுக்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கேட்காமல் போட்டால் சுளிப்பார்கள்.

தினமும் 80 வீதம் வரை நிரப்பினால் பற்றரிக்கு ஆயுள் கூடும். தூரம் போகும் நாளுக்கு மட்டும் முழுதாக நிரப்புங்கள். கட்டிலிலோ மெத்தையிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், சீமெந்துத் தரையே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சார்ஜரை இரவல் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இரண்டும் '48 வோல்ற்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் வழக்கமான லிதியம் சார்ஜர் 54.6 வோல்றில் நிற்கும், ஈய அமிலச் சார்ஜர் 58 வோல்றையும் தாண்டும். அதை லிதியத்தில் செருகினால் பாதுகாப்புச் சுற்று இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கலாம்.

உப்பும் மழையும்

டச்பே கடற்கரையோரம் ஒரு மாதம் வெளியே நிறுத்திய சைக்கிளின் செயினைப் பாருங்கள், செம்மண் பூசியதுபோல இருக்கும். மின்சார சைக்கிளில் துருவை விடப் பெரிய தொல்லை பச்சைக் களிம்பு. பற்றரி உட்காரும் இடத்தில் உள்ள செம்பு முனைகளில் அது படிந்தால் ஏற்றத்தில் பலமாக இழுக்கும்போது முனை சூடாகி மோட்டர் விட்டுவிட்டு ஓடும். ஆட்கள் பற்றரி பழுது என்று நினைத்துப் புதிதாக வாங்கப் போவார்கள். மாதம் ஒருமுறை பற்றரியைக் கழற்றி, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள்.

கழுவுவதற்கு வாளியில் நல்ல தண்ணீரும் துணியும் மட்டும். சேவிஸ் நிலையத்தில் அழுத்தக் குழாயால் அடிக்க விடாதீர்கள், அது மோட்டர் அச்சுக்குள்ளும் திரைக்குள்ளும் தண்ணீரைச் செலுத்திவிடும். செயினுக்குக் கழிவு எஞ்சின் ஒயில் போடும் பழக்கமும் வேண்டாம், மணலை இழுத்துப் பிடித்து அரைக்கும்.

மழையில் ஓட்டலாம், வெள்ளத்தில் ஓட்டக் கூடாது. தண்ணீர் சில்லின் நடு அச்சுவரை வருமானால் இறங்கித் திரும்புங்கள். மாரியில் இரண்டு மூன்று கிழமை எடுக்காமல் விடுவதானால் பற்றரியை அரைவாசி நிரப்பிக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். காலியாக விட்ட பற்றரி தைக்குப் பிறகு எழும்பாமலே போகலாம்.

பஞ்சர்

பின் ஹப் மோட்டர் சைக்கிள் பஞ்சரானால் ஒட்டுகிறவர் முதலில் சில்லைக் கழற்றப் பார்ப்பார். தடுத்து நிறுத்துங்கள். அச்சு வழியாக மோட்டர் வயர் போகிறது, முறுக்கினால் அறுந்துவிடும். சில்லு அப்படியே இருக்க ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து கழற்றி, ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டலாம். முள்ளோ ஆணியோ குத்திய இடம் கண்ணுக்குத் தெரிந்தால் கால் மணித்தியால வேலை.

ரியூப்பே மாற்ற வேண்டி வந்தால்தான் சில்லைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் பற்றரியை நிறுத்தி, மோட்டர் வயரின் இணைப்பைப் பிடித்து நேராக இழுத்துக் கழற்றுங்கள், திருகக் கூடாது. அச்சு நட் 18 அல்லது 19 மில்லிமீற்றர் இருக்கும், அந்த ஸ்பானர் உங்கள் பையில் இருக்கட்டும், எல்லாக் கடையிலும் இருக்காது. நட்டுக்குள் இருக்கும் கொக்கி வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுங்கள். மோட்டர் அச்சைச் சுழலாமல் பிடித்து வைப்பது அந்த வாஷர்தான். மாறிப் போட்டால் அடுத்த ஏற்றத்தில் அச்சு சுழன்று வயரைத் தின்றுவிடும். பூட்டி முடித்ததும் வயர் அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலே போகுமாறு விடுங்கள், மழைத்தண்ணீர் வயர் வழியே மோட்டருக்குள் போகாமல் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.